ஜெனரலின் கார் பின்வாங்கிய வழக்கு

ஒரு நாட்டில் சட்டத்துக்குக் கூன் விழுந்துவிட்டால் அதை நிமிர்த்தி நிறுத்துவது அரசின் தலையாய கடமை. எங்கள் நாட்டில் சட்டம் கூன்போட்டு நடப்பதாக மேதகு அதிபர் அவர்கள் ஒரு சுதந்திர தின உரையில் வருத்தம் தெரிவித்தார்கள். கூனை நிமிர்த்தத் தெரிந்தவர்கள் யார்? ராணுவத்தினர். அவர்கள் எதையும் நிமிர்த்துவார்கள். நிமிர மறுப்பதைப் படுக்க வைத்துவிடுவார்கள். ஆகவே லெப்டினன்ட் ஜெனரல் ப்ரதோமுல்யோ அவர்கள் நாட்டின் தலைமை அரசு வழக்கறிஞராக நியமிக்கப்பட்டார்கள்.

"ஜெனரலுக்குச் சட்டம் தெரியாதே" என்று சிலர் முணுமுணுத்தார்கள். அந்தச் சிலர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

நான் அந்த அலுவலகத்தில் அரசு வழக்கறிஞன். பெயர் டாடாங். எங்களுக்கெல்லாம் மேலே, ஜெனரலுக்குக் கீழே, துணைத் தலைவர் விர்யோனோ ஐயா, எங்கள் மொழியில் பாக் விர்யோனோ, இருந்தார். ஐந்து தலைமை வழக்கறிஞர்களிடம் அடுத்தடுத்து வேலை பார்த்தவர். ஐவரும் சொந்தப் புத்தியால் செய்ததாக நினைத்துக்கொண்டதெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது.

ஜெனரல் வந்த முதல் நாள் எங்கள் எல்லோரையும் கூட்டி நிறுத்தினார். நல்ல உயரம், இரும்புக் கம்பி மாதிரி முதுகு, கறுப்புக் கண்ணாடி, அக்குளில் ஒரு குட்டிப் பிரம்பு.

"எதிரி யாரு?" என்றார்.

பாக் விர்யோனோ முன்னால் வந்தார். "குற்றம் சாட்டப்பட்டவங்கதான், பாக் ஜெனரல்."

"எங்க இருக்கானுங்க?"

"பெரும்பாலும் ஜெயில்லதான்."

"யாரு பிடிச்சா?"

"போலீஸ்."

"பிடிச்சாச்சு, அடைச்சாச்சு, கையில ஆயுதம் இல்ல. அப்ப போர் முடிஞ்சுபோச்சு. நீங்க இத்தனை பேர் இங்க என்னத்துக்கு?"

"நீதிபதி முன்னால நிரூபிக்கணும், பாக்."

"நீதிபதி நம்ம ஆளா?"

"இல்ல."

"எதிரியோட ஆளா?"

"அதுவும் இல்ல, பாக். ரெண்டு பக்கமும் சேராதவர்."

ஜெனரல் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் சேராம நடுவுல நிக்கிறவனை நாங்க ஒற்றன்னு சொல்லுவோம். சரி, எதிரி பக்கம் யாராவது பேசுவாங்களா?"

"அவங்களுக்கும் வக்கீல் உண்டு, பாக்."

"அவனுக்கு யாரு சம்பளம் குடுக்குறா?"

"ஆளு ஏழையா இருந்தா… நாமதான், பாக். அரசாங்கம்."

ஜெனரல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு தீவுகளில் கலகத்தை அடக்கிய மனிதர். முகத்தில் அப்படி ஒரு கலக்கம். "எதிரியோட தளபதிக்கு நாமளே சம்பளம் குடுக்குறோம். அப்படியும் இந்த நாடு இன்னும் நிக்குதுன்னா அது கடவுள் புண்ணியம்" என்றார்.

அன்று மாலையே முதல் நிலையாணை வெளிவந்தது. 'இந்த அலுவலகத்தில் இனிப் பின்வாங்குதல் என்பது இல்லை.' தொடுத்த வழக்கை எக்காரணம் கொண்டும் வாபஸ் வாங்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். ஆனால் ஆணை என்றால் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்ற வேண்டுமல்லவா? பெரியவர்கள் அறையிலிருந்து வெளியே வரும்போது முதுகைக் காட்டாமல், குனிந்தபடியே பின்னால் நடந்து வருவது எங்கள் பக்கத்து மரியாதை. அது நின்றுபோனது. ஜெனரலிடம் பேசி முடித்தவர்கள் நேராக முன்னேறி எதிர்க் கதவு வழியே வெளியேறினார்கள். எதிர்க் கதவு அவருடைய குளியலறைக்குப் போயிற்று. ஜெனரல் மதிய உணவுக்குக் கிளம்பும்வரை அங்கே நாலைந்து மூத்த வழக்கறிஞர்கள் தொட்டி விளிம்பில் அமர்ந்து நாட்டு நடப்புப் பேசிக்கொண்டிருப்பது வழக்கமாயிற்று.

ஜெனரலின் காருக்கும் ஆணை பொருந்தியது. ஓட்டுநர் பாக் கெமிஸ் ஒரு வாசலைத் தவறவிட்டால் பின்னால் எடுக்க முடியாது; ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும். ஒருமுறை நாடாளுமன்ற வாசலைத் தவறவிட்டுச் சுற்றி வந்து சேர்ந்தபோது கூட்டம் முடிந்திருந்தது. அந்தக் கூட்டம் வழக்கத்தைவிடச் சிறப்பாக நடந்ததாகப் பேசிக்கொண்டார்கள்.

பிறகு நாகரிகம் பரவியது. முதலில் பாக் விர்யோனோ கறுப்புக் கண்ணாடி போட்டார். அடுத்த வாரம் அலுவலகம் முழுக்கப் போட்டது. எங்கள் தாழ்வாரங்கள் ஏற்கெனவே இருட்டு. ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு, முட்டியவர் மேலதிகாரியாக இருக்கலாம் என்பதால் இருவருமே சல்யூட் அடித்துக்கொண்டோம். 'சரி' என்ற சொல் வழக்கொழிந்தது, எதற்கும் "தயார்!" என்றோம். கல்யாண மாப்பிள்ளைகள் கறுப்புக் கண்ணாடியும் குட்டிப் பிரம்புமாக மணமேடை ஏறினார்கள். கோர்ட்டில் கோழித் திருடர்கள்கூட விறைப்பாக நின்றார்கள். "குற்றத்தை ஒத்துக்கிறியா?" என்று நீதிபதி கேட்டால், பழக்க தோஷத்தில் "தயார்!" என்று கத்தினார்கள். அந்த வருஷம் தண்டனை பெற்றவர்களின் எண்ணிக்கை வரலாறு காணாத அளவுக்கு உயர்ந்தது.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மத்ராவி அண்ணனின் சத்தே வண்டி குறுக்கே வந்தது. குறுக்கே வந்தது என்பது எங்கள் தரப்பு வாதம்.

மத்ராவி மதுரா தீவுக்காரர். எங்கள் அலுவலக வாசலுக்குப் பக்கத்தில், வாதாம் மரத்தடியில் ஆட்டிறைச்சியைக் குச்சியில் கோத்துச் சத்தே சுட்டு விற்பார். அதற்குத் தொட்டுக்கொள்ளும் கடலைச் சாறு அரைப்பதில் அவருக்கு இணை கிடையாது. அந்த அலுவலகத்தில் அவர் கையால் சாப்பிடாத வழக்கறிஞர் ஒருவரும் இல்லை. ஒரு நாள் காலை ஜெனரலின் கார் வாசலைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்து வண்டியில் இடித்தது. அடுப்பு கவிழ்ந்தது. தீக்கங்கு காரின் அடியில் உருண்டது. இறங்கி வந்த ஜெனரலின் மார்பில், பதக்கங்கள் மேலே, ஒரு சட்டிக் கடலைச் சாறு கொட்டியது.

"ஐயய்யோ!" என்று மத்ராவி தலையில் அடித்துக்கொண்டார். "இன்னிக்குத்தான் நல்ல கடலையாப் பார்த்து அரைச்சேன்!"

ஜெனரல் கோபப்படவில்லை. ஒரு விரலால் பதக்கத்தைத் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். எங்களுக்குத்தான் பதற்றம். பாக் விர்யோனோ அவசரக் கூட்டம் போட்டார்.

"கார் பின்னால வந்துச்சுன்னு யாராவது சொன்னீங்களா?"

"கண்ணால பார்த்தோமே, பாக்" என்றேன்.

"டாடாங், பின்வாங்குறதுக்குத் தடை இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"தடை இருக்குறப்ப ஜெனரல் கார் எப்படிப் பின்வாங்கும்? அப்ப இடிச்சது எப்படி? வண்டிதான் முன்னேறி வந்திருக்கு."

"வண்டிக்கு ஒரு சக்கரம்தான் இருக்கு, பாக். இன்னொரு பக்கம் செங்கல் அடுக்கி வெச்சிருக்காரு."

"ஒத்தச் சக்கரத்தோட தாக்க வந்திருக்கான்னா மனசுல எவ்வளவு வன்மம் இருக்கும் பாரு!"

சட்டத்தில் பட்டம் பெற்ற நாற்பது பேர் அங்கே இருந்தோம். எல்லோரும் "தயார்!" என்றோம்.

மத்ராவி கைதானார். அரசு வாகனத்தை வழிமறித்துத் தாக்கியது, தீ வைக்க முயன்றது, நூற்றுக்கணக்கான கூர்முனை ஆயுதங்களைப் பொது இடத்தில் வைத்திருந்தது எனக் குற்றச்சாட்டுகள் தயாராயின. ஆயுதங்கள் என்றது சத்தேக் குச்சிகளை. அவற்றில் கோத்திருந்த இறைச்சியைச் சாட்சியப் பொருளாகக் கைப்பற்றி எங்கள் பாதுகாப்பில் வைத்தோம். மாலைக்குள் அது முழுமையாகப் பாதுகாக்கப்பட்டுவிட்டது.

விசாரணைக்கு என்னையும் உட்கார வைத்தார் பாக் விர்யோனோ.

"மத்ராவி, காரை ஏன் வெட்டப் பார்த்த?"

"காரையா? நான் ஆட்டைத்தான் பாக் வெட்டுவேன். கார்ல கொழுப்பு ஏது?"

"சுத்தி வளைக்காத. உன் வண்டி முன்னேறுச்சா, இல்லையா?"

"இருபது வருஷமா அதே மரத்தடியில நிக்குது, பாக். முன்னேறியிருந்தா நான் ஏன் இன்னும் சத்தே விக்கிறேன்?"

பாக் விர்யோனோ என் பக்கம் திரும்பினார். "எழுதிக்க. நாட்டுல முன்னேற்றமே இல்லைங்கிறான். அரசாங்கத்தோட முன்னேற்றத் திட்டத்தைப் பழிச்சது தனிக் குற்றம்."

"பாக், என் பொண்டாட்டி வண்டியையாவது கேக்குறா. அடுப்பெரியாம வீட்டுல எப்படி?" என்றார் மத்ராவி. அப்போதுதான் அவர் குரல் கொஞ்சம் தணிந்தது.

"வண்டியும் குற்றவாளிதான்" என்றார் பாக் விர்யோனோ.

ஜெனரலுக்கு மட்டும் ஏதோ உறுத்தல் இருந்தது. "விர்யோனோ, அன்னிக்கு நான் கெமிஸ்கிட்ட ஏதோ சொன்னேனே. என்ன சொன்னேன்?"

"முன்னேறுன்னு சொன்னீங்க, பாக்."

"அப்படியா?"

"உங்க வாயில வேற என்ன வார்த்தை வரும், பாக் ஜெனரல்?"

அதில் நியாயம் இருப்பதாக ஜெனரலுக்குப் பட்டது. ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. "இந்த வழக்கை நானே நடத்துறேன். படை களத்துக்குப் போறப்ப தளபதி நாற்காலியில உட்கார்ந்திருக்க மாட்டான்."

கோர்ட்டில் அன்று நிற்க இடமில்லை. ஜன்னல் கம்பிகளில் வேர்க்கடலை விற்பவர்கள் தொங்கினார்கள். நீதிபதி ஹாஜி ஜுனாய்டி ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். நாகரிகப்படி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். விழித்திருக்கிறாரா தூங்குகிறாரா என்று யாருக்கும் தெரியாதது நீதிக்கு ஒரு கம்பீரத்தைக் கொடுத்தது. மத்ராவிக்கு வக்கீலாக மங்காசி சிலாலாஹி வந்திருந்தார். சத்தமாகப் பேசுவதற்குப் பேர்போன பாதாக் இனத்தவர், அவர் ரகசியம் பேசினால் தெருமுனையில் கேட்கும்.

"அரசுத் தரப்பில சாட்சி யாரு?" என்று முழங்கினார் மங்காசி.

"நான்" என்றார் ஜெனரல்.

"அரசு வழக்கறிஞர்?"

"நான்."

"புகார் குடுத்தவர்?"

"அதுவும் நான்தான். ஆள் பற்றாக்குறை இல்ல. எனக்கு அடுத்தவனை வேலை வாங்கிப் பழக்கமில்ல."

நீதிபதி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். இப்படி நடக்கும் என்று எவரும் நினைத்துப் பார்க்காததால் எவரும் அதைத் தடைசெய்து எழுதியிருக்கவில்லை. தடை இல்லாதது சட்டப்படி சரி. குழப்பம் வராமலிருக்க ஒரே ஓர் ஏற்பாடு செய்தார்: தொப்பி அணிந்திருந்தால் வழக்கறிஞர், கழற்றினால் சாட்சி.

ஜெனரல் தொப்பியோடு நிமிர்ந்து நின்று கேட்டார். "பேரு?"

நடந்து போய்ச் சாட்சிக் கூண்டில் ஏறித் தொப்பியைக் கழற்றினார். "ப்ரதோமுல்யோ."

இறங்கி வந்து தொப்பியைப் போட்டார். "பதவி?"

"லெப்டினன்ட் ஜெனரல்."

பதவியைக் கேட்டதும் வழக்கறிஞர் விறைப்பாக சல்யூட் அடித்தார். கூண்டில் ஏறிய சாட்சி அதை முறைப்படி ஏற்றுக்கொண்டார்.

"சம்பவம் நடந்தப்ப எங்க இருந்தீங்க?"

"கார்ல. நாட்டைப் பத்தி யோசிச்சிட்டிருந்தேன்."

வழக்கறிஞர் காலியான கூண்டை முறைத்துப் பார்த்தார். "நெஜமா?"

"கண்ணை மூடிட்டு யோசிச்சேன்."

"தூங்கினீங்களா?"

"…கொஞ்சம்."

கோர்ட் கொல்லென்று சிரித்தது. மங்காசிக்கே பொறுக்கவில்லை. "கனம் நீதிபதி அவர்களே! சாட்சியை மிரட்டுறாரு!"

"வழக்கறிஞர் சாட்சிகிட்ட மரியாதையா நடந்துக்கணும்" என்றார் நீதிபதி. விழித்துத்தான் இருந்தார்.

"மன்னிக்கணும். எனக்கு இந்த ஆளைச் சின்ன வயசுலேர்ந்து தெரியும். மரியாதை குடுத்தா வாயைத் திறக்க மாட்டான்" என்றார் ஜெனரல்.

நாங்கள் யாரும் எதிர்பாராத ஒன்று அப்போது நடந்தது. ஜெனரல் நல்ல வழக்கறிஞராக மாறிக்கொண்டிருந்தார். தொப்பி போடும்போதெல்லாம் குரல் கூர்மையானது. கழற்றும்போதெல்லாம் தோள் தளர்ந்தது.

"வாசலைத் தாண்டினதும் முழிச்சீங்க. ஓட்டுநர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"முன்னேறுன்னு."

"அது உங்க ஞாபகமா, யாராவது சொல்லிக் குடுத்ததா?"

"விர்யோனோ சொன்னாரு."

"விர்யோனோ கார்ல இருந்தாரா?"

"இல்ல."

"கார்ல இல்லாத ஆளுக்கு உங்க வாயிலேர்ந்து வந்த வார்த்தை எப்படித் தெரியும்?"

சாட்சி தொப்பியை இரண்டு கையாலும் உருட்டினார். நெற்றியில் வேர்வை வழிந்தது. வழக்கறிஞரிடம் கைக்குட்டை இருந்தது. அவர் அதைச் சாட்சிக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாக் விர்யோனோ மெல்ல மெல்ல நாற்காலியில் வழுக்கி, கண்ணாடி மட்டும் மேஜைக்கு மேலே தெரியும் நிலைக்கு வந்திருந்தார்.

"கேக்குறேன்ல!"

தொப்பியைக் கழற்றிய ஜெனரல் உதட்டை மட்டும் அசைத்தார்.

"சத்தமா! பின்வரிசைக்குக் கேக்கணும்!"

"பின்னால எடுன்னு சொன்னேன்!" என்று சாட்சி கூண்டைப் பிடித்துக்கொண்டு அலறினார். "பின்னால எடு கெமிஸ், சுத்திப் போனா வயிறு தாங்காதுன்னு சொன்னேன்! அவன் ஆணை இருக்கேன்னான். யாரும் பார்க்கலை, எடுன்னேன்! வண்டி நின்ன இடத்துலதான் நின்னுச்சு. நான்தான் பின்வாங்கினேன்!"

ஜெனரல் இறங்கி வந்தார். தொப்பியை அணிய இந்த முறை நேரமாயிற்று. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்னக் கண்கள், நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

"கனம் நீதிபதி அவர்களே, பொய்ப் புகார் குடுத்த சாட்சியைக் கைது பண்ணணும். அந்த மதுராக்காரரை விட்டுடணும்."

"அப்ப வழக்கை வாபஸ் வாங்குறீங்களா?" என்றார் நீதிபதி.

ஜெனரல் திகைத்து நின்றார். ஆணை அவருடையது. "வாபஸ் வாங்க முடியாது. பின்வாங்குறதுக்குத் தடை இருக்கு." பிறகு முகம் மலர்ந்தது. "தோத்துப்போக அனுமதி குடுங்க. போர்ல தோக்கிறது தப்பில்ல. நான் முன்னேறிப் போயே தோக்கிறேன்."

அரசாங்கமே தோற்க அனுமதி கேட்ட முன்னுதாரணம் இல்லை. மேலே கேட்டுச் சொல்வதாக நீதிபதி வழக்கை ஒத்திவைத்தார். கைது செய்யக் காவலர்கள் எவரும் துணியாததால், ஜெனரல் தம் வலக்கையால் இடக்கையின் மணிக்கட்டைப் பிடித்து, தம்மைத் தாமே அழைத்துக்கொண்டு போனார். போகிற வழியில் மத்ராவியின் முன்னால் நின்றார்.

"எனக்காக ஏன் பாக் இவ்வளவு சிரமம்?" என்றார் மத்ராவி. "பின்னால எடுக்குறப்ப ஒரு ஹார்ன் அடிச்சிருந்தா முடிஞ்சுபோச்சு."

ஜெனரல் அவருக்கு ஒரு சல்யூட் வைத்தார். மத்ராவிக்கு எப்படித் திருப்பி வைப்பதென்று தெரியவில்லை. சத்தேக் கங்குக்கு விசிறுகிற மாதிரி கையை ஆட்டினார்.

இரண்டு பேரையும் அடுத்தடுத்த அறைகளில் வைத்தார்கள். ஜெனரல் அங்கே நிம்மதியாக இருந்ததாகக் கேள்வி. எங்களுக்குத்தான் தூக்கம் போயிற்று. பொய்ச் சாட்சி என்றால், சொல்லிக் கொடுத்தவர்கள் யார் என்ற கேள்வி வரும். தொப்பியோடு அந்த மனிதர் திரும்பி வந்தால் அதைக் கேட்டே தீருவார். எனவே எங்களுக்கு உடனடியாகச் சட்டத்தின் மாண்பு ஞாபகம் வந்தது. மேதகு அதிபருக்கு விண்ணப்பம் எழுதினோம். நீதித்துறையில் ராணுவத்துக்கு என்ன வேலை? சட்டம் படித்த ஒருவரையே தலைமை வழக்கறிஞராக நியமிக்க வேண்டும் என்று துணிச்சலாகக் கேட்டோம். பத்திரிகைகள் எங்களை ஜனநாயகத்தின் காவலர்கள் என்று எழுதின. மாணவர்கள் மாலை போட்டார்கள். மாலையோடு எடுத்த என் படம் இப்போதும் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.

அதிபர் இணங்கினார். ஜெனரலை, ராணுவமே இல்லாத ஒரு பனிபெய்யும் நாட்டுக்குத் தூதராக அனுப்பிவைத்தார்கள். 'தோற்க அனுமதி கிடைத்ததா?' என்று அங்கிருந்து ஒரு தந்தி வந்தது. 'வழக்கு முன்னேறுகிறது' என்று பாக் விர்யோனோ பதில் அனுப்பினார்.

புதிதாக வந்தவர் பேராசிரியர் டாக்டர் அத்மவிஜாயா. மூன்று நாடுகளில் சட்டம் படித்தவர். பேசினால் வெல்லப்பாகு ஊற்றுகிற மாதிரி இருக்கும். ஒரு வாரத்தில் நாங்கள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தங்கச் சட்டக் கண்ணாடிக்கு மாறினோம். "தயார்" போய், "சிந்திக்கத்தக்கது" வந்தது. அவர் மத்ராவியின் வழக்கைப் படித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

"ஜெனரல் வாக்குமூலம் குடுத்தப்ப தலையில தொப்பி இருந்ததா?"

"இல்லீங்க, பேராசிரியர்."

"சீருடை முழுமையா இல்லாத அதிகாரி, அதிகாரி ஆக மாட்டார். அன்னிக்குக் கார்ல இருந்தது ஓர் அதிகாரி. ஆக, கூண்டுல பேசினவர் கார்ல இருந்தவர் இல்ல. கார்லயே இல்லாதவர் பேச்சு எப்படிச் சாட்சியம் ஆகும்?"

"சிந்திக்கத்தக்கது!" என்றோம். எங்களுக்குப் புல்லரித்தது. படிப்பு படிப்புதான்.

வழக்கு ஒரே அமர்வில் முடிந்தது. சத்தமில்லை, சிரிப்பில்லை, ஜன்னலில் யாரும் தொங்கவில்லை. மங்காசி தொண்டை கிழியக் கத்தினார். பேராசிரியர் அன்போடு அவருக்கு ஓர் இருமல் மிட்டாய் நீட்டினார். மத்ராவிக்கு ஒன்றரை வருஷம். வண்டி அரசுடைமை.

மத்ராவி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "பாக், நான் உள்ள போறேன். நான் செஞ்ச தப்பு என்னன்னு மட்டும் சொல்லிடுங்க. பொண்டாட்டி கேப்பா."

பேராசிரியர் எழுந்து விளக்கினார். அசையாத பொருளின் செயலூக்கம் பற்றியும், பொறுப்பின் கோட்பாடு பற்றியும், அயல்நாட்டு அறிஞர்களின் கருத்து வேறுபாடு பற்றியும் நெடுநேரம் அழகாகப் பேசினார். நாங்கள் எல்லோரும் தலையசைத்தோம். நீதிபதி தலையசைத்தார். இத்தனை பெரிய மனிதர்கள் தனக்காக இவ்வளவு நேரம் செலவழிக்கிறார்களே என்ற மரியாதையில் மத்ராவியும் தலையசைத்தார். 'குற்றவாளி தீர்ப்பை ஏற்றுத் தலையசைத்தார்' என்று அதைப் பதிவு செய்துகொண்டோம். தலையசைத்தவருக்கு மேல்முறையீடு கிடையாது.

அவரைப் பார்த்து நீங்கள் சிரிக்க வேண்டாம். ராணுவத்துக்காரர் போய்ச் சட்டம் படித்தவர் வர வேண்டும் என்று நாங்கள் விண்ணப்பம் எழுதினோமே, அந்த இடத்தில் 'நியாயம்தானே' என்று நீங்களும் தலையசைத்தீர்கள். மறுக்காதீர்கள். நான் அரசு வழக்கறிஞன், அப்போதே குறித்துக்கொண்டுவிட்டேன்.